நோய்ப் பெட்டிக்கு வழிவிட மாட்டேன்

இன்று கடத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் ஒரு பழைய தேனீப் பெட்டி. உள்ளே தேனடை அப்படியே இருந்தது.

"தேனீ எங்கீங்க?" என்றேன்.

"தேனீக் குஞ்சுப் புழுவெல்லாம் நோய் வந்து செத்து, கூட்டமே அழிஞ்சிருச்சுங்க. பெட்டியை விக்கப் போறேன். அடையோட கொடுத்தா புதுக் கூட்டம் சீக்கிரம் தங்கும்."

"அந்த அடையிலதானுங்க நோயே இருக்குது! எரிச்சுப் போடுங்க."

"எரிக்கோணும்னு சட்டம் இருக்குதுங்களா பெரியவரே?" என்று சிரித்தார்.

யாருக்கு விற்கிறார் என்று கேட்டேன். என் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்காம்! என் தோட்டத்திலும் தேனீ வளர்க்கிறேன், நடுவில் வேலி மட்டும்தான். அந்த அடையைத் தேடிப் போய் நோயைக் கொண்டுவராமல் என் தேனீக்களை அது தடுக்குமா?

ஆட்டுக்கு நோயென்றால் சந்தைக்குள் விட மாட்டார்கள். தேனீக்கு மட்டும் கேட்க நாதியில்லை.

அவரோடு நானும் இறங்கிவிட்டேன். அந்தத் தோட்டத்து வாசலை மறித்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

பெட்டிக்காரர், தோட்டத்துக்காரர் இரண்டு பேருமே என்னைப் பிடிவாதக்காரன் என்கிறார்கள். நீங்களும் அப்படி நினைத்தால் உங்கள் விலாசத்தைப் போடுங்கள், பெட்டியை அங்கே அனுப்பச் சொல்கிறேன்.