பதிலுக்கு இடம் விட்டுப் பேசுகிறவள்

நான் இருக்கும் நெதர்லாந்துச் சிற்றூரில் யாரும் ஜன்னல் திரையை இழுத்து மூடுவதில்லை. சாயங்காலம் வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது தெரு முழுக்க விளக்குப் போட்ட வீடுகள். ஒருவர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிறார், ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிக்கிறாள், ஒரு பிள்ளை வீட்டுப்பாடம் எழுத மாட்டேன் என்று அழுகிறது. எல்லாம் தெருவுக்குத் தெரியும். ஆனால் தெருவில் போகிற யாரும் பார்ப்பதில்லை. வந்த புதிதில் நான் பார்த்தேன். நின்றே பார்த்தேன். உள்ளேயிருந்தவர் கையசைத்தார், மரியாதை தெரிந்த மனுஷன் என்று நானும் சந்தோஷமாகக் கையசைத்தேன். அவர் ‘போய்யா’ என்று சொல்லியிருக்கிறார் என்பது மறுநாள் வேலையிடத்தில் இதைப் பெருமையாகச் சொன்னபோதுதான் விளங்கியது. நம் பக்கம் வாசலில் திரை தொங்கும், ஜன்னல் பாதி சாத்தியிருக்கும், ஆனால் உள்ளே என்ன குழம்பு என்பது நாலு வீட்டுக்குத் தெரியும், விசாரிக்காமல் போனால் கோபமும் வரும். இந்த இரண்டு வழக்கத்துக்கும் நடுவில் என் அக்கா மாட்டிக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது.

அக்கா பெயர் மும்தாஜ். நாங்கள் பிறந்து வளர்ந்தது சிதம்பரம். அக்காவைக் கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில் கட்டிக்கொடுத்தார்கள். ஜமால் மச்சானுக்கு அங்கே பாத்திரக் கடை. நான் ஏசி மெக்கானிக் வேலை படித்துவிட்டு, எல்லாரையும் போல வளைகுடாவுக்குப் போகாமல் எப்படியோ ஐரோப்பாவில் வந்து விழுந்தவன். வந்து சில வருடம் கழித்து ஊர் நூலகத்தில், இங்கே பிப்லியோதேக் என்பார்கள், வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். அவரவர் வாழ்க்கையை அவரவரே வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றுவது, பார்க்கிறவர்கள் கீழே கருத்து எழுதுவது, எழுதப் பிடிக்காதவர்கள் தாங்களும் ஒரு வீடியோ எடுத்து அதற்குப் பதிலாகக் கோத்துவிடுவது. இன்றைக்குப் பல் முளைக்காத பிள்ளைகூடச் செய்கிற காரியம். அன்றைக்கு அது புதுசு. கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். வகுப்பை நடத்தியவர் மரெய்க்கா என்ற பெண்மணி. “உங்களைப் பற்றி டிவிக்காரர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே சொல்லுங்கள்” என்பார். நான் போனதற்குப் பாதிக் காரணம் காபியும் பிஸ்கட்டும் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதிலும் ஏமாற்றம்தான். ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்ததும் டப்பாவை மூடிவிடுவார்கள்.

முதல் பாடம், உங்கள் அடுப்படியைக் காட்டுங்கள் என்பது. என் அடுப்படியில் ஒரு சட்டியும் ஒரு கெட்டிலும்தான் இருந்தன. அதைவிட அக்காவின் அடுப்படியைக் காட்டினால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று தோன்றியது. அதற்கு முந்தைய லீவில் மச்சானுக்கு ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கிக் கொடுத்திருந்தேன். அக்காவை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி, என் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் போனில் சொன்னேன். மச்சான் ரயிலடிக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஏற்றியிருக்கிறார். பாதி ஏறும்போது கரண்ட் போய், மறுபடியும் முதலிலிருந்து ஏற்றி, ஒருவழியாக வந்து சேர்ந்தது. அக்கா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நிற்கிறாள். பின்னால் சுவரில் மச்சான் கடைப் பெயர் போட்ட தினசரி கேலண்டர்.

“அஸ்ஸலாமு அலைக்கும், தம்பி” என்றாள். நிறுத்தினாள். அப்புறம் “சாப்டியா?” என்றாள். மறுபடி நிறுத்தம். கரண்டியைப் பிடித்தபடி கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள். “என்ன சாப்ட?” கொஞ்ச நேரம் போனது. முகத்தைச் சுளித்தாள். “ரொட்டியா? மத்தியானத்துக்குமா ரொட்டி? அது எப்புடிடா வயித்துக்குப் பத்தும்?” நான் அப்போது கையில் வைத்திருந்தது ரொட்டிதான். அதன்மேல், இந்த ஊர்க்காரர்கள் கூச்சமே இல்லாமல் மதியச் சாப்பாடு என்று சொல்லிக்கொண்டு தூவிக்கொள்ளும் சாக்லேட் துகள்.

வகுப்பில் போட்டுக் காட்டியபோது மரெய்க்கா சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். “நடுநடுவே ஒலி போய்விடுகிறதா?” என்று கேட்டார். “இல்லை, நான் பதில் சொல்வதற்காகக் காத்திருக்கிறாள்” என்றேன். “ஆனால் நீங்கள் அங்கே இல்லையே.” “இல்லை.” “அது அவருக்குத் தெரியுமா?” தெரியும் என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அடுத்த வாரம், மனக்கஷ்டத்தில் இருப்பவர்கள் பேசுவதற்கான ஒரு தொலைபேசி எண்ணை எழுதி, அக்காவிடம் கொடுக்கச் சொல்லி என் கையில் திணித்தார். பிஸ்கட் அன்றைக்கு எனக்கு மட்டும் இரண்டு.

அவருக்கு எப்படி விளக்குவது? எங்கள் அத்தா, அதாவது அப்பா, சவூதியில் தம்மாமில் வேலை பார்த்தார். சிதம்பரத்து வீட்டில் போன் கிடையாது, கேசட்டில்தான் பேச்சு. ஊருக்கு வருகிறவர் யாராவது கேசட்டைக் கொண்டுவந்து கொடுப்பார், திரும்பிப் போகும்போது எங்கள் கேசட்டை வாங்கிக்கொண்டு போவார். டேப் ரெக்கார்டரைப் பாயில் வைத்து எல்லாரும் சுற்றி உட்காருவோம். கடிதத்தைப் படிப்பதுபோலக் கடகடவென்று பேசினால் அம்மா முதுகில் ஒன்று வைக்கும். சலாம் சொன்னால் அத்தா பதில் சலாம் சொல்ல நேரம் விடவேண்டும். நல்லா இருக்கீங்களா என்று கேட்டால், நல்லா இருக்கேன் என்று அவர் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அத்தாவும் அப்படித்தான் பேசி அனுப்புவார். அவர் நிறுத்துகிற இடத்தில் நாங்கள் எல்லாரும் டேப்பைப் பார்த்துக் கத்துவோம். எனக்குப் பேச்சு என்றாலே அதுதான் என்று ரொம்ப நாள் நினைப்பு. ஜாஸ்தி இடம் விட்டுப் பேசுகிறவர் ஜாஸ்தி பாசக்காரர்.

மரெய்க்கா விடவில்லை. பார்ப்பவர்களுக்குப் பொறுமை இருக்காது, நிறுத்தங்களை வெட்டுங்கள், இப்போது எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று வெட்டக் கற்றுக்கொடுத்தார். வெட்டிப் பார்த்தேன். சாப்டியா, என்ன சாப்ட, ரொட்டியா, மத்தியானத்துக்குமா, எப்போ வர, ஏன் வரல. அக்கா போலீஸ் ஸ்டேஷனில் விசாரணை நடத்துகிற மாதிரி இருந்தது. கூடப் படித்த சிரியாக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வெட்டியதைத் தூக்கிப் போட்டுவிட்டு, முழு வீடியோ இருந்தபடியே தளத்தில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மச்சான் அதற்குப் பிறகும் மாதத்துக்கு ஒன்று ஏற்றிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் வேடிக்கை. ஒருநாள் தளத்தைத் திறந்தால் அக்காவின் வீடியோவுக்குக் கீழே ஒரு பதில் வீடியோ தொங்குகிறது. முன்பின் தெரியாத பையன். பஹ்ரைனில் ஏதோ தங்குமிடம், பின்னால் இரும்புக் கட்டில்கள், காய்கிற லுங்கி. அக்காவின் வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டிருக்கிறான், அவள் குரல் லேசாகக் கேட்கிறது. அவள் சாப்டியா என்று கேட்டு நிறுத்துகிற இடத்தில் சரியாக, “சாப்ட்டேன்கா. இன்னிக்கி மீனு. ஐஸுல வெச்ச மீனுக்கா, நம்ம தேவனாம்பட்டினத்து மீனு மாரி வருமா?” என்கிறான். பிறகு அக்கா கோபித்துக்கொள்கிறாள், அவன் தலையைக் குனிந்து சிரிக்கிறான். பெயர் குமரவேல். அவனைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். டொரண்டோவில் லாரி ஓட்டுகிற யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், டப்ளினில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண், எல்லாரும் அக்கா விட்ட இடைவெளியில் உட்கார்ந்து தாங்கள் சாப்பிட்டதைச் சொன்னார்கள். கடைசியில் மரெய்க்காவே தன் அடுப்படியிலிருந்து, “சாப்பித்தேன்! லெக்கர்!” என்றார். ருசியாக இருந்ததாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொஞ்சம் பொறாமையும் இருந்தது, சொல்லிவிடுகிறேன். என் அக்காவுக்கு என்னைவிட நன்றாக அந்தப் பையன் பதில் சொன்னான்.

இதெல்லாம் அக்காவுக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாது. போனில் நாங்கள் பேசுகிற மூன்று நிமிஷத்தில் பிள்ளைகள், மழை, மாமியார் உடம்பு இதற்கே நேரம் போதாது. மச்சான் பிரவுசிங் சென்டரில் வீடியோவை ஏற்றிவிட்டு எழுந்து வந்துவிடுவார். உட்கார்ந்து பார்க்கிற அளவுக்கு அந்த இணையத்துக்கு வேகம் கிடையாது. தவிர, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துத்தானே உள்ளே போகிறோம், அப்படியென்றால் அது பூட்டுப் போட்ட வீடு, சாவி நம் இரண்டு பேரிடம்தான் என்பது அவர் நினைப்பு.

பூட்டு இல்லை என்பதை அவர்களுக்குச் சொன்னது குமரவேலின் அம்மா. அஞ்சலை என்று பெயர். மகன் போனில், கேலண்டரில் தெரிந்த கடைப் பெயரைச் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா பஸ் ஏறி, விசாரித்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டது. அக்கா அன்றைக்குக் கடையில் இருந்திருக்கிறாள்.

“நீங்கதானே அந்த சாப்டியா அக்கா? எம்புள்ள ஒங்ககிட்டதான் பேசுறானாம்.”

“எங்கிட்டயா? யாரும்மா ஒம் புள்ள?”

“குமரவேலு. பஹ்ரைன்ல கீறான். எங்கிட்ட பேசுனா, காசு ஆவுதும்மா வெக்கிறேன்னு வெச்சிருவான். ஒங்ககிட்ட என்ன சாப்ட்டேன்னுலாம் சொல்றானாமே. போயி ரெண்டு வருசமாச்சு பாயம்மா, மொகத்தையே பாக்கல. அத ஒரு தாட்டி காட்டுவீங்களா?”

அன்று ராத்திரி மச்சான் எனக்குப் போன் போட்டார். அவர் கோபப்பட்டு நான் கேட்டதில்லை. “ஊரு ஒலகமே பாக்குதாம்டா, மாப்ள. எம்பொண்டாட்டி அடுப்படில நிக்கிறத எவன் எவனோ பாக்குறான். கடைக்கு வர்றவன்லாம் நாளைக்கு ஒரு மாரி சிரிப்பான். மொதல்ல எல்லாத்தையும் எடுத்துடு.” நான் பாஸ்வேர்ட் பற்றி விளக்க ஆரம்பித்தேன். “விளக்கம்லாம் வேணாம்” என்றார். அவர் கேட்டதில் தப்பும் இல்லை. என்னைக் கேட்டிருந்தால் என் மனைவியை, அப்போது கல்யாணமே ஆகவில்லை, அப்படிக் காட்ட விடுவேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஆனால் அழித்தால் அந்தப் பதில்களும் சேர்ந்து போய்விடும். அஞ்சலையம்மா தன் பிள்ளை முகத்தை இன்னும் பார்க்கவில்லை. ஒருநாள் பொறுங்கள் மச்சான், அக்கா என்ன சொல்கிறதோ அப்படியே செய்கிறேன் என்றேன். உன் பேச்சைக் கேட்டுப் போய் கேமராவில் பேசினேனே என்று அக்கா அழுதால் என்ன செய்வது என்பதிலேயே அந்த ராத்திரி போனது.

மறுநாள் அக்கா அஞ்சலையம்மாவைக் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கிறாள். மச்சானும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். வீடியோ நின்று நின்று ஓடியிருக்கிறது. அந்த அம்மா திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததாம். “தாடி வெச்சிக்கீறான் பாரு, எளைச்சிட்டான்” என்றதாம். அக்கா குரல் அதில் சாப்டியா என்று கேட்டதும், பிள்ளை சாப்ட்டேன்கா என்றதும், அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “சாப்ட்டானாம், சாப்ட்டானாம்” என்று சென்டர்காரரிடம் சொன்னதாம். இதையெல்லாம் அக்காதான் போனில் சொன்னாள்.

“எடுத்துடட்டுமாக்கா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? அத்தா ரூம்ல எத்தினி பேரு இருந்தாங்க தெரியுமா ஒனக்கு? நீ சின்னப் புள்ள. நம்ம கேசட்டு போச்சுன்னா ரூமே குந்திக் கேக்குமாம். ஊட்டுலேர்ந்து கேசட்டு வராதவங்கல்லாம் அத்தாவுக்கு முன்னாடி அவுங்க பதில் சொல்லுவாங்களாம். அம்மாவுக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் அத்தினி நேரம் உட்டுச்சு. ஒங்க மச்சான்கிட்டயும் அதான் சொன்னேன்.”

“மச்சான் என்ன சொன்னாரு?”

“அந்தப் பையன் வீடியோவ ரெண்டாவது தாட்டி அவருதான் போடச் சொன்னாரு.” பிறகு குரல் மாறியது. “ஆனா ஒண்ணுடா. ஒலகம் பாக்கும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அந்த நைட்டியோட நின்னுட்டேனே, பாவி!”

அடுத்த வீடியோவில் அக்கா பெருநாள் சேலையும் முக்காடுமாக, நகைக்கடை விளம்பரம்போல நின்று வெங்காயம் வதக்கினாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து மச்சான், “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு” என்று சொல்வது கேட்டது.

அந்தத் தளம் பிறகு மூடிப்போனது. வீடியோக்களும் அதோடு போயின. எனக்குப் பெரிய வருத்தமில்லை. இப்போது அக்கா தினமும் கைப்பேசியில் முகம் காட்டுகிறாள். இடைவெளி விடுவதுதான் இல்லை, இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு ஒருவர் சொன்னது ஒருவருக்குக் கேட்பதில்லை. குமரவேலுக்கு மட்டும் அவள் இன்னும் பழைய மாதிரி வீடியோ எடுத்து அனுப்புகிறாள். இப்போது தோஹாவில் இருக்கிறான். ஷிப்ட் வேலை, ஓய்ந்த நேரத்தில் போட்டுப் பார்த்துப் பதில் அனுப்புவான், அதை அக்கா அஞ்சலையம்மாவுக்கும் தள்ளிவிடுவாள்.

போன லீவில் நான் திருப்பாதிரிப்புலியூரில் இருந்தபோது, மச்சான் கடைக்குப் போயிருந்ததால் போனைப் பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு நிமிர்ந்தாள். “என்னப்பா, சாப்டியா?” என்று கேட்டு நிறுத்தினாள். நான் வயிறு முட்டப் பிரியாணி தின்றுவிட்டு அவளுக்கு முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னையறியாமல், “சாப்ட்டேன்கா” என்று வாய் சொல்லிவிட்டது.

“ஒன்னையா கேட்டேன்? நீதான் இங்கயே கீறியே!” என்று அக்கா சிரித்தாள். மறுபடி எடுக்கலாம் என்றேன். வேண்டாம் என்று அப்படியே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் மதியம் அவன் பதில் வந்தது. நாங்கள் இருவரும் அடுப்படியில் நின்றே பார்த்தோம். குமரவேலுக்குத் தலைமுடி கொஞ்சம் நரைத்திருந்தது. சாப்பிட்டதைச் சொன்னான், அம்மாவை விசாரித்தான். அப்புறம், “அக்கா, எனக்கு முன்னாடி ஒரு அண்ணன் பதில் சொல்றாரே, அவரு எந்த ஊர்ல கீறாரு?” என்று கேட்டுவிட்டு, நாங்கள் சொல்லி முடிப்பதற்காகத் திரையில் நிறுத்திக் காத்திருந்தான்.

“சொல்லேன்டா” என்றாள் அக்கா. அவன் நன்றாகத்தான் நேரம் விட்டிருந்தான். எந்த ஊரைச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, “சரிண்ணே” என்று அவன் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டான்.