கிணற்று ஆல்பம் நிற்காது என்று நான் சொன்னது

முதலில் மன்னிக்க வேண்டும். என் எழுத்தை மறுநாள் எடுத்துப் பார்த்தால் எனக்கே படிக்க வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு பேனாவைத் தொட்டதெல்லாம் கையெழுத்துப் போடுவதற்கும், விதை மூட்டையில் ரகத்தின் பெயர் எழுதிவைப்பதற்கும்தான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் குழப்பம். படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

வாயால் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. ஆனால் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவனுக்கு இப்போது காது கேட்பதில்லை. சத்தம் போட்டுச் சொன்னால் தெருவே கேட்கும். நாலு பேர் நடுவில் மெதுவாகப் பேசவே எனக்கு வாய் வராது.

அவன் என் மனைவியின் தம்பி. பதினெட்டு வருஷம் சிங்கப்பூரில் இருந்தான். கட்டடம் எழுப்புவதற்கு முன்னால் பூமிக்குள் தூண் இறக்குகிற வேலை. அந்த இடிச் சத்தத்தில் வலது காது அங்கேயே போய்விட்டது. போன சித்திரையில் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டான். தஞ்சாவூரில் காது டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இடது காதும் இறங்கிக்கொண்டே வருகிறது, இந்த வருஷத்தைத் தாண்டுவது கஷ்டம் என்றார். மெஷின் வைத்தால் பேச்சு ஓரளவு கேட்கும், பாட்டு மட்டும் தகரத்தில் ஜல்லி கொட்டுவது போல இருக்கும் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வலது பக்கம் உட்கார்ந்துகொண்டான். நல்ல காது என் பக்கம் இருக்க வேண்டும் என்று.

"அத்தான், ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துக்கிட்டு இனிமே அதையே கேக்கப்போறேன். மண்டைக்குள்ள முழுசா இறங்கிட்டா அப்புறம் காது எதுக்கு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் சொன்ன ஆல்பங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஹிப் ஹாப் என்றால் தாளத்துக்கு மேல் கடகடவென்று பேசிக்கொண்டே பாடுவது, அது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேச்சை எடுத்துவிட்டு, அடியில் இருக்கிற இசையை மட்டும் வைத்து முழு ஆல்பம் போடுகிறவர்கள் இருக்கிறார்களாம். பழைய இசைத்தட்டுகளில் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் வெட்டி ஒட்டிச் செய்வது. அவனோடு அறையில் இருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரர் பழக்கிவிட்டது. ஒரு பென்டிரைவில் அறுபது ஆல்பம் கொண்டுவந்திருந்தான். பெயரெல்லாம் இங்கிலீஷில் இருந்ததால் நானே எனக்குப் பெயர் வைத்துக்கொண்டேன். ஒன்றில் மழை பெய்கிற சத்தம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், அது மழை ஆல்பம். இன்னொன்று கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும், அது கிணற்று ஆல்பம். நான் வைத்த பெயரையே அவனும் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து, பென்டிரைவை ஒரு சின்ன ஸ்பீக்கரில் செருகிக் கேட்போம். வேண்டாம் என்று சொல்லத் தெரியாததால்தான் முதலில் உட்கார்ந்தேன். அவனுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு ஆல்பத்தைப் போட்டால் முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரைக்கும் தாண்டாமல் கேட்க வேண்டும். குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம். காலையிலிருந்து குனிந்த இடுப்பு. பாதி நாள் நான் சுவரில் சாய்ந்து தூங்கியிருப்பேன். அவன் எழுப்பமாட்டான். முடிந்ததும் "எப்படி?" என்று கேட்பான். "நல்லாருக்கு மாப்ள" என்பேன். அது அவனுக்குப் போதாது என்று தெரியும்.

ஒருநாள் மோர் கொண்டுவந்த என் மனைவி கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

"ஏன்டா, பாடுறவன் எப்ப வருவான்?"

"வரமாட்டான் அக்கா. இது இவ்வளவுதான்."

"ஏன், சம்பளம் பாக்கியா?"

சொம்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவன் சிரித்தான். ஆனால் அன்றைக்குத்தான் எங்களுக்குள் நிஜமான வாக்குவாதம் ஆரம்பித்தது. என் மனதில் இருந்ததைத்தான் அவள் கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"வார்த்தை இருந்தா அதைப் புடிச்சுக்கலாம் மாப்ள," என்றேன். "பாட்டு நின்னாலும் வார்த்தை வாயில இருக்கும். இதுல எதைப் புடிக்கிறது?"

"வார்த்தை உள்ள பாட்டுல நமக்கு வார்த்தைதான் ஞாபகம் இருக்கு. இசை மறந்து போச்சுன்னே தெரியாது. இதுல ஏமாத்த முடியாது அத்தான். நின்னா இசைதான் நிக்கணும்."

"அதுவும் இவங்க சொந்தமா வாசிச்சது இல்லியே. அடுத்தவன் களத்துல பொறுக்கின கதிருதானே?"

"பொறுக்கினதுதான். ஆனா சோறு ஆக்கினது இவன்."

இப்படியே வைகாசி முழுக்கப் போயிற்று. ஆனி பிறந்ததும் நடவு. வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க இரண்டு பேரும் சேர்ந்து போவோம். வழியிலும் இதே பேச்சு. அறுபதில் ஐம்பதை அவனே ஓரம் கட்டிவிட்டான். சில ஆல்பங்கள் முதல் தடவை இனிக்கும், நாலாம் தடவை ஒன்றும் இருக்காது என்பான். அது எனக்கும் விளங்கியது. கடைசியில் மழையும் கிணறும்தான் மிஞ்சின. அவன் மனது கிணற்றின் பக்கம் இருந்தது. அதில் மூன்றாவது துண்டில், தாளத்துக்கு மேலே எங்கோ தூரத்தில் ஒரு மணிச் சத்தம் வரும். அது வரும்போதெல்லாம் விரலைத் தூக்கிக் காட்டுவான்.

"இன்னும் அம்பது வருஷம் கழிச்சும் எவனாவது இதைக் கேட்டுக்கிட்டிருப்பான்."

"நீங்க சொல்லுங்க அத்தான்" என்று அவன் கேட்டது ஆடி மாதத்தில், களை எடுத்து முடித்த அன்று. "நான் காசு குடுத்து வாங்கினவன். எனக்கு எல்லாமே நல்லாத்தான் தெரியும். நீங்கதான் வெளியாளு. எதை வச்சுக்கட்டும்?"

அதுவரைக்கும் என் அபிப்பிராயத்தைக் கேட்டு யாரும் ஒரு காரியமும் செய்ததில்லை. அந்தத் தெம்பில்தான் பேசினேன். ஒரு வாரம் இரண்டையும் கேட்காமல் இருந்து பார்க்கலாம், எது வாயில் வருகிறதோ அதுதான் நிற்கிற ஆல்பம் என்றேன். அவனும் சரி என்றான். அந்த வாரம் முழுக்க அவன் பட்டினி கிடந்த மாதிரி சுற்றினான்.

ஏழாம் நாள் முனகிப் பார்த்தேன். மழை ஆல்பத்தின் மெட்டு தானாக வந்தது. கிணறு வரவே இல்லை. தாளம் ஒரு மாதிரி இடறுவது மட்டும் நினைவில் இருந்தது. வாயால் அதைச் சொல்ல முடியவில்லை.

"கிணறு நிக்காது மாப்ள," என்றேன். "மழையை வச்சுக்க."

அவன் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து இரண்டு மாதம் மழை ஆல்பத்தை மட்டும்தான் கேட்டான். நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டான். வாக்குவாதத்தில் ஜெயித்த ஆள் நான். ஆனால் அவன் கேட்கிற போதெல்லாம் நான் எழுந்து வரப்புப் பக்கம் போய்விடுவேன்.

புரட்டாசியில் குறுவை அறுப்பு. அறுக்கிற அன்றே மழை. ஈர நெல்லை டிராக்டரில் ஏற்றிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய் வரிசையில் கொட்டினோம். எங்களுக்கு முன்னால் பதினோரு குவியல். ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். வெயில் வந்தால் ரோட்டில் பரப்பி, மேகம் கூடினால் வாரிப் படுதா போட்டு மூடி, மறுபடி பரப்பி, நாலு நாள் அங்கேயே கிடந்தோம். சோறு வீட்டிலிருந்து வரும். கால் விரல் இடுக்கெல்லாம் நெல் சுணை அரித்தது.

பரப்பின நெல்லை அடிக்கடி காலால் உழுதுவிட வேண்டும். பாதத்தைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டே நேர்கோட்டில் நடந்தால் நெல் இரண்டு பக்கமும் ஒதுங்கி, அடியில் இருக்கிற ஈர நெல் மேலே வரும். நடை ஒரே சீராக இருக்க வேண்டும். முப்பது வருஷமாகச் செய்கிற வேலை, யோசிக்கவே வேண்டாம். நாலாம் நாள் காலையில் நான் யோசிக்காமல்தான் நடந்தேன்.

பக்கத்துக் குவியல்காரர் கூப்பிட்டார்.

"என்னங்க, நெல்லுல கோலம் போடுறீங்களா? புள்ளியை வச்சுட்டு இழுங்க!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். என் சால் ஒன்றுகூட நேராக இல்லை. இரண்டு காலடி நெருக்கமாக விழுந்திருந்தது, பிறகு ஒரு தேக்கம், அதற்குப் பிறகு ஒரு அடி பின்தங்கிச் சரிந்திருந்தது. ரோடு முழுக்க அப்படியே. வெட்கத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. நின்றுவிட்டேன்.

சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்த அவன் எழுந்து வந்தான்.

"நிக்காதீங்க அத்தான். நடங்க."

"சும்மா இரு மாப்ள, எல்லாரும் பாக்குறாங்க."

"நடங்கன்னா."

நடந்தேன். அவன் கூடவே வந்தான், என் பாதத்தைப் பார்த்தபடி.

"மூணாவதுதானே இது? கிணத்துல மூணாவது?"

அவன் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. வாயில் வராதது காலில் இருந்திருக்கிறது. இரண்டு மாதம் அதைக் கேட்கவும் இல்லை, நினைக்கவும் இல்லை.

அவன் ஓடிப்போய் வண்டிப் பெட்டியிலிருந்து ஸ்பீக்கரை எடுத்துவந்து இடது காதோடு அழுத்திக்கொண்டான். மூன்றாவதைப் போட்டான். எனக்கு வெளியிலேயே நன்றாகக் கேட்டது. மணி வருகிற இடம் வந்தது. அவன் விரல் தூக்கவில்லை. மறுபடி போட்டான். மறுபடியும்.

"அடி கேக்குது அத்தான்," என்றான். "மணி வரல."

ஆடி மாதத்தில் அவனுக்கு அந்த மணி கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு நானே சாட்சி.

அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. ஈரம் பார்க்கிறவர் ஒரு பக்கம் நெல்லை எடுத்து மெஷினில் போட்டார், பதினாறு. இன்னொரு பக்கம் எடுத்தார், இருபது. என் கோணல் சாலில் அடி நெல் புரளாமல் கிடந்திருக்கிறது.

"ஒரே நெல்லுல ரெண்டு ஈரமா? காயவச்சு நாளைக்குக் காட்டுங்க" என்று அடுத்த குவியலுக்குப் போய்விட்டார்.

நெல்லைக் கூட்டிக் குவித்துப் படுதாவை இழுத்து மூடினோம். அவன் ஒரு முனை, நான் ஒரு முனை. கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான்:

"ரெண்டு மாசம் மழையையே கேக்க வச்சுட்டீங்களே அத்தான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். தப்பாகிப்போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்துக் குவியல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கயிற்றுக்கு இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

ஐப்பசி அடைமழையோடு இடது காதும் போய்விட்டது. மெஷின் வைத்துக்கொண்டால் அக்காள் சாப்பிடக் கூப்பிடுவது மட்டும் தெரிகிறது. ஸ்பீக்கரை அலமாரியில் வைத்துவிட்டான்.

நான் அதை அவனிடம் கேட்டு வாங்கி, மத்தியானங்களில் தனியாக மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து கிணற்று ஆல்பத்தைக் கேட்கிறேன். தூங்காமல் கேட்கிறேன். சம்பா வேலை தலைக்கு மேல் கிடந்தது, இருந்தாலும் கேட்டேன். மணி எங்கே வருகிறது என்று பாடம் செய்துகொள்ள எனக்கு இந்தத் தை வரைக்கும் ஆயிற்று.

போன வாரம் அவனைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். பாட்டுப் போடவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, மூன்றாவது துண்டின் தாளத்தை உள்ளங்கையால் முதுகில் தட்டினேன். மணி வருகிற இடத்தில் ஒரு விரலால் தோளைத் தொட்டேன். இரண்டாம் முறை தட்டும்போது தலையை ஆட்டினான்.

"அங்க இல்ல அத்தான். இன்னும் கொஞ்சம் தள்ளி."

எனக்குக் கோபம்கூட வந்தது. மூன்று மாதம் பாடம் செய்தது நான். அவன் வீட்டுக்குப் போன பிறகு போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. தாளம் விழுந்து முடிந்து, ஒரு மூச்சு விட்ட பிறகுதான் மணி வருகிறது. நான் அவசரப்பட்டிருக்கிறேன்.

இதை அவனிடம் சொல்ல வேண்டும். நேற்று வாசல் வரைக்கும் போனேன். உள்ளே ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். அதனால்தான் இந்த நோட்டு. இடுப்பு வலிக்கிறது, இவ்வளவு நேரம் எழுதிப் பழக்கமில்லை. நாளைக்கு இதை அவன் கையில் கொடுத்துவிட்டு உளுந்து வயலைப் பார்க்கப் போய்விடுவேன்.

மாப்ள, ஆடியில் நான் சொன்னது தப்பு. கிணறு நிற்கிறது. என்னிடம் காலில் மட்டும்தான் நிற்கிறது, உன்னிடம் மணியோடு நிற்கிறது.

மாசி மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை.