மணியார்டர் வாங்க ஓர் ஆள்

முதல் கதை அச்சில் வந்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வழியில்லை, இந்தியாவில் உங்கள் உறவினர் ஒருவர் பெயரைக் கொடுத்தால் சன்மானத்தை மணியார்டர் செய்கிறோம் என்று சென்னையிலிருந்து ஆசிரியர் எழுதியிருந்தார். சிங்கப்பூர்த் தமிழச்சிக்கு ஊரில் ஒரு சித்தப்பாவாவது இல்லாமலா போவார் என்ற நினைப்பு! எனக்கு யாருமில்லை. அப்பாவும் அம்மாவும் இங்கே சிங்கப்பூரில் செம்பவாங்கிலேயே வாழ்ந்து அங்கேயே போய்ச் சேர்ந்தவர்கள். நான் மார்சிலிங்கில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ரேடியோ தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். பணம் கிடக்கட்டும், எழுதிக் கொடுக்க ஒரு பெயர்கூட இல்லையே என்று அன்று அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து, தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போவேன். அங்கே ஒரு சந்தில் மளிகையோடு தமிழ்ப் பத்திரிகைகளும் விற்கும் கடை வைத்திருந்த பாய்தான் என்னோடு நாலு வார்த்தை பேசுகிற ஒரே மனுஷர். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? நாகூர்ப் பக்கம் எங்க வீட்டுல இருக்காங்கல்ல, அவங்க பேரைக் கொடுங்க. அவங்க அங்க வாங்கிக்கட்டும், நான் இங்க சிங்கப்பூர் வெள்ளியா, காசாத் தர்றேன். முடிஞ்சுபோச்சு லா!"

அப்படியே நடந்தது. ஊரில் அந்த அம்மா மணியார்டர் வாங்கியதும் பாய்க்குத் தகவல் வரும். அவர் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பார். கதையை மட்டும் படிக்கமாட்டார். "கடைக் கணக்கு பார்க்கவே கண்ணு வலிக்குது, தங்கச்சி" என்பார். மனைவியை அவர் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது.

ஒரு ஞாயிறு, பாய் தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. தபால்காரர் வாசல்ல நின்னு, 'உங்க கதைக்குச் சன்மானம்'னு சத்தமாப் படிச்சிட்டாராம். இப்ப ஊரே எங்க வீட்டுலதான் கதை எழுதுறாங்கன்னு நெனைக்குது. கல்யாண வீட்டுல நாற்காலி போட்டு உக்கார வைக்கிறாங்களாம். இல்லைன்னு சொல்ல அவங்களுக்கு வாய் வரலையாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புனைபெயரில் எழுதியதால் இங்கே ஈ காக்கைக்குக்கூட நான் யாரென்று தெரியாது. நல்லா எழுதியிருக்கே என்று ஒரே ஒருத்தர் சொல்லமாட்டாரா என்று நான் ஏங்கிக்கொண்டிருக்க, அங்கே யாரோ ஒரு மகராசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்! "உண்மையைச் சொல்லச் சொல்லுங்க பாய்!" என்று கத்திவிட்டு, வாங்கிய பருப்பைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

அந்த அம்மா பாயைப் பார்க்க இங்கே வந்தபோது, சண்டை போடத்தான் கடைக்குப் போனேன். பஸ்ஸிலேயே வசனமெல்லாம் தயார். அவரோ என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சின்ன உருவம், சின்னக் குரல்.

"எல்லாத்தையும் படிச்சிட்டேம்மா. எவ்வளவு நல்லா எழுதுறீங்க! ரெண்டு தட்டு வச்சுட்டு, ஒரு தட்டுல மட்டும் சாப்பிடுறாளே ஒருத்தி, அந்தக் கதையைப் படிச்சுட்டுப் பக்கத்து வீட்டுல கேட்டாங்க, இது நீங்கதானேன்னு. ஆமான்னுட்டேன். எழுதினது நான் இல்லை, ஆனா அவ நான்தாம்மா."

பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த பாய் அப்படியே நின்றுவிட்டார். என் வசனமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. நான் ஏங்கிய அந்த ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது, அதுவும் இவரிடமிருந்து. அவர் கையை விட எனக்கு மனசே வரவில்லை.

அந்த அம்மா ஊர் திரும்பிய பிறகு, பாய் பழைய பத்திரிகையைத் தேடி எடுத்து அந்தக் கதையைப் படித்தார். கொஞ்ச நாளில் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்கே போய்விட்டார். தம்பிக்கு என்னைத் தெரியாது. நான் கேட்ட பத்திரிகையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தார்.

இனி யார் பெயருக்கு அனுப்ப என்று ஆசிரியர் கேட்டார். அந்த அம்மாவுக்கே அனுப்புங்கள், அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று எழுதிவிட்டேன். அங்கே இப்போது இரண்டு தட்டிலும் சோறு இருக்கும். என் அறையில் இரண்டாவது தட்டு என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. அது நான் கதைக்காகப் போட்டது.