நெய் தடவிய டின்

1. அடுப்படியில் எடுபிடி

விழுப்புரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் ஆயுசில் பாதியை மாஸ்டராகக் கழித்தவன் நான். முழங்கால் வலி வந்து, ஓவன் முன்னால் நிற்க முடியாமல் போனதும் திண்டிவனத்தில் வீட்டோடு இருந்துவிட்டேன். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. சின்னதாக ஒரு கரண்ட் ஓவன் வாங்கிக்கொண்டு வந்து, இனி வீட்டிலேயே ஆர்டருக்குக் கேக் போடுகிறேன் என்றேன்.

என் மனைவி சரோஜா முதல் நாளே சட்டம் போட்டாள். "கடையிலதான் நீ மாஸ்டரு. இங்க நான்தான். எடுத்த சாமான எடுத்த எடத்துல வையி. மாவு கொட்டுனா நீயே பெருக்கு."

கடையில் நான் அதட்டினால் ஹெல்பர் பையன்கள் பாத்திரத்தைக் கீழே போடுவார்கள். அப்பேர்ப்பட்டவன் அன்று துடைப்பத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் ஆர்டர் கொடுத்தது கலைச்செல்வி. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ், வீடு விக்கிரவாண்டியில். விழுப்புரம் வரும்போதெல்லாம் எங்கள் கடைக்கு வந்து பழக்கம். மகள் நிலாவுக்குப் பிறந்த நாள் வருகிறது, சாக்லேட் கேக் வேண்டும் என்று போன் செய்தது.

"ஆனா பாலு போடக்கூடாது மாஸ்டர்."

"சரிம்மா. தயிர் போட்டு மெத்துன்னு பண்ணித் தர்றேன்."

"தயிரு எதுலேருந்து வருது?"

"அட ஆமா. அப்ப வெண்ணெய்?"

"மாஸ்டர், மாட்டு மடியிலேருந்து வர்ற எதுவும் வேணாம். முட்டையும் வேணாம். இதுக்கு வீகன்னு பேரு. யூடியூபுல பாருங்க."

நம் ஆட்களுக்குப் பால் வேறு, தயிர் வேறு, நெய் வேறு. பால் ஆகாது என்று சொல்பவரே சாதத்தில் மோர் ஊற்றிப் பிசைவார். நானும் அந்தக் கூட்டம்தான். கேக் என்றாலே முட்டை, வெண்ணெய், பால். இத்தனையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மாவும் காற்றும்தான். இது என்ன வம்பு, யாருக்கு என்று கேட்டேன். அது சொன்ன பிறகு வம்பு என்ற பேச்சை விட்டுவிட்டேன்.

கேக் பேத்திக்கு. பால் ஆகாதது கலைச்செல்வியின் அப்பாவுக்கு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடும் விவசாயி, பெயர் ராஜமாணிக்கம். மனைவி இறந்த பிறகு காசிக்குப் போயிருக்கிறார். காசிக்குப் போனால் நமக்குப் பிடித்தது ஒன்றை விட்டுவிட்டு வரவேண்டும் அல்லவா? சிலர் பாகற்காயை விட்டுவிட்டு வந்து பெருமை பேசுவார்கள். இவர் பாலை விட்டுவிட்டார்.

"அம்மாதான் மாடு கறக்கும். அந்தப் பால்ல டீ போட்டு அது கையால குடுத்தாதான் இவருக்கு விடியும்" என்றது கலைச்செல்வி. "அதனாலதானான்னு நாங்க யாரும் கேக்கல. அவரும் சொல்லல. கவுச்சியும் அப்பவே உட்டுட்டாரு."

ஒரு கல்யாண வீட்டில் தேங்காய்ப்பால் என்று சொல்லி யாரோ பசும்பால் பாயசத்தைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வாய் குடித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. எழுந்து போய்விட்டார். அதிலிருந்து வெளியாள் கையால் எதுவும் சாப்பிடுவதில்லை.

போன பிறந்த நாளில் நிலா கேக்கை வெட்டி முதல் துண்டைத் தாத்தாவுக்கு ஊட்டப் போயிருக்கிறது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழந்தைக்குக் காசி தெரியுமா, பால் தெரியுமா? தாத்தாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று அழுதிருக்கிறது. இந்த வருஷம் கேக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம்.

"அவரு அந்த ஒரு வாய் வாங்கிக்கணும் மாஸ்டர். அவ்வளவுதான்" என்றது. கூடவே, "அவருக்கு லேசா சுகரும் இருக்குது. ஹெல்தியா பண்ணுங்க" என்றும் சொன்னது.

2. செங்கல்

ஹெல்தி என்றதும் எனக்குக் கேப்பை மாவுதான் ஞாபகம் வந்தது. முழுக்கக் கேப்பை மாவு, நாட்டுச்சர்க்கரை, கோகோ பவுடர், தேங்காய்ப்பால், செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெய், உப்பி வரச் சோடா உப்பும் எலுமிச்சைச் சாறும். எல்லாவற்றையும் கலந்து வைத்தபோது போன் வந்தது. பேசிவிட்டு வந்து ஓவனில் வைத்தேன்.

வெளியே எடுத்தது கேக் இல்லை, செங்கல். மேலே வயல் மாதிரி வெடித்திருந்தது. வாசனை வடைச்சட்டியை நினைவுபடுத்தியது. சரோஜா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். "கதவு காத்துல அடிச்சிக்குது. இத அண்டக் குடுக்கலாம்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூட்டை மூட்டையாக மைதாவைக் கேக் ஆக்கிய கை இது. ஒரு கிலோ கேக்கில் தோற்பதா? கலைச்செல்விக்குப் போன் போட்டு, வரும் என்று தோன்றவில்லை அம்மா என்றேன்.

அதற்குக் கலைச்செல்வி சொன்னது: "பரவால்ல மாஸ்டர். சாதா கேக்கே போட்டுக் குடுங்க. பாலு இல்லன்னு நான் சொல்லிக்கிறேன். ஒரு வாய்தான, அவருக்கு எங்க தெரியப்போவுது?"

குற்றம் சொல்ல மாட்டேன். நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்து அப்பாவையும் மகளையும் சமாளிக்கும் பொம்பளை. அழுகிற குழந்தையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் எனக்கு அது ஒத்துவரவில்லை. "இன்னொரு வாட்டி பாக்கறேன்ம்மா" என்று வைத்துவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காக என் தப்பு எது என்று சொல்கிறேன். கடையில் பேக்கிங் பவுடர் போட்ட கலவை கொஞ்ச நேரம் காத்திருக்கும். சோடா உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்த கலவை காத்திருக்காது. சேர்ந்த உடனே நுரைக்கும். அந்த நுரை அடங்கும் முன் கலவை சூடான ஓவனுக்குள் போயிருக்க வேண்டும். நான் போன் பேசிய நேரத்தில் அது செத்துவிட்டது.

அடுத்த முறை கோதுமை மாவு இரண்டு பங்கு, கேப்பை மாவு ஒரு பங்கு, இரண்டையும் சேர்த்துச் சலித்தேன். மணமில்லாத எண்ணெய்க்கு மாறினேன். நாட்டுச்சர்க்கரையைத் தேங்காய்ப்பாலில் கரைத்து வடிகட்டினேன். எலுமிச்சைச் சாறு கடைசி. போனை அணைத்து வைத்தேன். மேலே பூசுவதற்குச் சாக்லேட் கட்டி வாங்கி, அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் மில்க் சாலிட்ஸ் என்று இருப்பதைப் பார்த்துத் தூக்கிப் போட்டேன். பேரீச்சம்பழத்தையும் கோகோவையும் கெட்டித் தேங்காய்ப்பாலில் அரைத்துப் பூசினேன்.

நன்றாக வந்தது. சரோஜா இன்னொரு துண்டு கேட்டாள். அதற்கு மேல் சர்ட்டிபிகேட் வேண்டாம்.

நாட்டுச்சர்க்கரைதான், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று கலைச்செல்வியிடம் பெருமையாகச் சொன்னேன். "மாஸ்டர், ஒடம்புக்கு அதுவும் சர்க்கரதான். கொறச்சிப் போடுங்க. அப்பாவுக்கு ஒரு வாய் போதும்" என்றது. குறைத்தேன்.

3. நெய் டப்பா

பிறந்த நாள் அன்று காலையில் கேக்கை இறக்கி, ஆறவைத்து, பூசி, பெட்டியில் வைத்துக் கயிறும் கட்டிவிட்டேன். கலைச்செல்விக்கு அன்றும் நைட் டூட்டி. அதனால் சாயங்காலத்துக்கு முன்பே வெட்டிவிட வேண்டும். மத்தியான பஸ்ஸைப் பிடிக்கச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

அடுப்படியிலிருந்து சரோஜா கேட்டாள். "நெய்யி டப்பா மூடாம கெடக்குது. நீயா எடுத்த?"

சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். கடையில் அடுப்புக்கு இடப்பக்கம் வனஸ்பதி டப்பா இருக்கும். டின்னை எடுத்தால் கை தானாக அந்தப் பக்கம் போய், வழித்து, தடவி, மாவு தூவிவிடும். கண் பார்க்காது. வீட்டில் அதே இடத்தில் சரோஜாவின் நெய் டப்பா இருக்கிறது. ஒத்திகைக் கேக் போட்டபோது அவள் எண்ணெய்க் கிண்ணத்தை அங்கே நகர்த்தி வைத்திருந்தாள். அன்று காலையில் அவள் கோயிலுக்குப் போயிருந்தாள்.

"நெய்யத் தடவிட்டேண்டி" என்றேன்.

அவளுக்கு விஷயம் எல்லாம் தெரியும். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு வெரலு நெய்யி. சொல்லாத. கொழந்த பொறந்த நாளு, போயி பேஜாரு பண்ணிக்கினு இருக்காத" என்றாள்.

மறுபடி போட்டு ஆறவைக்க நேரமில்லை. கலைச்செல்விக்குப் போன் போடலாம் என்று எடுத்தேன். அது என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். போனைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பெட்டி மடியில். கடையில் இருந்தவரைக்கும், ஃப்ரெஷ்ஷா என்று கேட்டவர்களுக்கெல்லாம் இப்பத்தான் இறக்கினது என்பதுதான் என் பதில். கேட்டவர்களும் அதை முழுசாக நம்பியதில்லை. அதில் யாருக்கும் ஒன்றும் போகவில்லை. இங்கே ஒரு மனுஷன் மனைவியின் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்து ஒரு வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியும். விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் பஸ் நின்றபோது, இறங்கி அப்படியே திரும்பிவிடலாமா என்று கூட நினைத்தேன்.

4. நடுத்துண்டு

வீட்டில் பலூன் கட்டியிருந்தார்கள். நிலா புதுச் சட்டையோடு ஓடி வந்து பெட்டியைப் பார்த்தது. பெரியவர் சுவர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள், வெள்ளை வேட்டி. கேக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

கலைச்செல்வி சத்தமாக, "அப்பா, இதுல பாலு ஒண்ணும் இல்ல. மாஸ்டரு உங்களுக்குன்னே பண்ணிக்கினு வந்திருக்காரு" என்றது. பெரியவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இல்லை.

நிலா கத்தியைக் கையில் எடுத்துவிட்டது. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஐயா, மாவுல பாலு இல்ல, வெண்ண இல்ல, முட்ட இல்ல. ஆனா டின்னுல நெய்யத் தடவிட்டேன். கைப் பழக்கம். வேணும்னு பண்ணல."

கலைச்செல்வி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அதற்கு. நிலா கத்தியோடு அப்படியே நின்று தாத்தாவைப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. குழந்தையின் பிறந்த நாளைக் கெடுக்கவா பஸ் ஏறி வந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பெரியவர் எழுந்து மேஜைக்கு வந்தார். கேக்கைக் குனிந்து பார்த்தார்.

"நெய்யி எதுவரைக்கும் எறங்கியிருக்கும் மாஸ்டரு?"

"ஓரத்துலயும் அடியிலயும்தான்யா. நடுவுல போவாது."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவர் பேத்தியின் கையிலிருந்து கத்தியை வாங்கி வைத்துவிட்டு, ஒரு ஸ்பூனை எடுத்துக் கொடுத்தார். "பாப்பா, ஓரத்த உட்டுடு. அடியும் வேணாம். நட்டநடுவுல தோண்டி எடு."

நிலாவுக்கு ஒரே சிரிப்பு. கேக்கைத் தோண்டச் சொல்லி எந்த வீட்டில் சொல்வார்கள்? நடுவில் குழி பறித்து, ஸ்பூன் நிறைய எடுத்து நீட்டியது. பெரியவர் வாயைத் திறந்தார். மெதுவாக மென்றார். குழந்தை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்குதா தாத்தா?"

"தேங்கா கொஞ்சம் தூக்கலா இருக்குது" என்றார். "இன்னொரு வாய் குடு."

கலைச்செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பால் சேர்ந்தால் உடம்பு தடித்து மூச்சு முட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த நடுத்துண்டுக் கணக்கு ஆகவே ஆகாது. அப்படிப்பட்டவருக்கு என்றால் அந்தக் கேக்கைக் குப்பையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு போய் நின்றிருப்பேன். இப்போது அந்த மாதிரி ஆர்டருக்குத் தனி டின், தனிக் கரண்டி. நெய் டப்பாவைச் சரோஜா பூஜை அலமாரிக்கு மாற்றிவிட்டாள்.

அன்று திரும்பும்போது பெரியவர் என்னோடு ரோடு வரைக்கும் நடந்து வந்தார். பஸ்ஸுக்காக நின்றோம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னுதான் எல்லாரும் சொல்றாங்க மாஸ்டரு. அதக் கேட்டாலே எனக்கு வாயி தெறக்க மாட்டேங்குது. ஒண்ணு இருக்குதுன்னு நீ ஒருத்தன்தான் சொன்ன. அப்பறம்தான் மீதிய நம்புனேன்."

இப்போது யார் ஆர்டர் கொடுத்தாலும், இதில் அது இல்லை, இது இல்லை என்று நான் ஆரம்பிப்பதில்லை. என்னென்ன இருக்கிறது என்று முழுசாகச் சொல்லிவிடுகிறேன், டின்னில் தடவியது உட்பட. சாப்பிடுவதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.