நிழல் பெட்டியும் உச்ச வெயிலும்

வெயிலை அளக்கிறவனை வெயிலைவிட மனிசர்தான் கூடச் சுடுவார்கள். எண் எழுதிப் பிழைத்த வாசகர்கள் எவருக்கும் இது விளங்கும். கரவெட்டிப் பக்கம் ஒரு வளவில் நிற்கும் வெள்ளைப் பெட்டிக்குள்தான் என் வெப்பமானி. நாள்தோறும் காலையில் முந்தின நாளின் உச்ச வெப்பத்தை வாசித்துக் கொழும்பு வானிலைக் கந்தோருக்கு அனுப்புவேன். என் கையெழுத்தில் ஒரு சாதனை எண்ணாவது பதிவேட்டில் நிலைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

நிழல்

பெட்டி காற்றை உள்ளே விட்டு வெயிலை மறிக்கும். வெங்காயத் தோட்டக்காரர் சின்னத்துரைக்கு இது பிடிக்கவில்லை. அளப்பது காற்றின் சூட்டை, வெயிலில் வைத்தால் வெப்பமானி தன் சூட்டையே காட்டும் என்று விளக்கினேன். போன சித்திரையில் மண்ணுக்குள் கிடந்த வெங்காயமே வதங்கி மணத்தது என்று ஆறுதலுக்கு ஒரு கதையும் விட்டேன். அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நிழலிலை இருக்கிறவை எழுதினால் சூடு குறைவாய்த்தான் இருக்கும்."

மீன்

உலகத்தின் மிகச் சூடான ஆண்டு என்று வானொலி சொன்ன அன்று தேத்தண்ணிக் கடையில் சண்டை. முதல்நாள் இரவு போர்த்திக்கொண்டு படுத்தவர்கள் நம்பவில்லை. எங்கள் ஊர்க் குளிர் உலகத்தின் குளிர் ஆகாது, ஊர் ஊராக வைத்த பெட்டிகளின் எண்களையும் கடலில் மிதக்கும் கருவிகளின் எண்களையும் சேர்த்துத்தான் சராசரி என்றேன். என் எண்ணும் அதில் ஒன்று என்று நெஞ்சையும் நிமிர்த்தினேன். மயிலிட்டியிலிருந்து மீன் கொண்டுவந்த அந்தோனி கேட்டுக்கொண்டு நின்றான்.

"கடலையும் அளக்கினம் எண்டால், மீன் எந்தப் பக்கம் போச்சுதெண்டும் எழுதச் சொல்லுங்கோ ஐயா."

இரண்டு நாள்

இந்தச் சித்திரையில் பெட்டி வைத்த நாள்முதல் காணாத உச்சம் ஏறியது. வாசித்த கையோடு பத்திரிகை நிருபருக்குப் போன் எடுக்க ஓடினேன். மறுநாளும் அதே எண், புள்ளிக்கு அப்பாலும் அதே. 'இரட்டைச் சாதனை' என்று பத்திரிகை போட்டது. ஊர் என்னை மாப்பிள்ளைபோல நடத்தியது. தேவாலயத்து மெழுகுதிரிகள் கொளுத்தாமலே தலை குனிந்தன என்று நானும் சொல்லிவைத்தேன்.

கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார், என் மகளின் வயதுதான் இருக்கும். இரண்டாம் நாளின் பக்கத்தை விரித்தார்: மழைமானியில் தண்ணீர், வெப்பமானியில் சாதனை. வாசித்து முடிந்ததும் வெப்பமானியை உதறிப் பாதரசத்தை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய உச்சத்திலேயே நிற்கும். போனுக்கு ஓடிய அன்று காலையில் நான் அதை உதறவில்லை. ஒப்புக்கொண்டால் இரண்டு நாளையும் வெட்டிவிடுவாரே என்று பயந்தேன். காகம் வந்து மழைமானிக்குள் தண்ணீர் கொட்டியதாக ஒரு கதை நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, மறந்துபோனேன் என்றேன்.

அவர் சிவப்புப் பேனையால் இரண்டாம் நாளை மட்டும் வெட்டினார்.

"உதறாட்டில் பழைய எண் நிக்கும் ஐயா, அதைவிடச் சூடு வந்தால்தான் ஏறும். ஒரே உச்சத்தை நீங்கள் ரெண்டுதரம் வாசிச்சிருக்கிறியள், ரெண்டுதரமும் சரியாய். முதல் நாளுக்கு உங்கடை மறதிதான் சாட்சி."

இத்தனை வருடமாக நான் சொன்ன அதிசயங்களில் அரசாங்கம் நம்பி எழுதிவைத்தது இந்த ஒன்றைத்தான், அதற்கும் நான் ஒரு பிழை விடவேண்டியிருந்தது.