மூச்சை அடக்கத் தெரியாதவர்

நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று ஸ்கேன் குறிப்பில் எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோலாலம்பூரில் ஸ்கேன் எடுக்கும் வேலை எனக்கு. எங்கள் பிரிவில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்குகிறவர்களின் இதயத்தையும் நுரையீரலையும் எம்ஆர்ஐயில் படம் பிடித்து, கோளாறு எதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்கள். இதில் சேர்கிறவர்களுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய ஸ்கேன் உடனே கிடைக்கும், முடிவும் அவர்களுடைய டாக்டருக்குப் போகும். அதை நம்பித்தான் கம்போங் மேடானிலிருந்து அந்தத் தமிழ் ஆன்டி வந்தார். பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. ஒரு மாடி ஏறினாலே நின்று நின்று மூச்சு வாங்குவார். நான் விடுப்பில் இருந்த நாளில் அவரைப் படம் எடுத்தார்கள். எல்லாம் கலங்கல். கழித்துக் கட்டிவிட்டார்கள். முடிவும் கிடையாது.

மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்தினால்தான் இதயத்தின் படம் தெளிவாக விழும். எப்போது நிறுத்த வேண்டும் என்று ஹெட்போனில் ஒரு குரல் சொல்லும், ஆங்கிலத்தில். காதுக்குப் பக்கத்தில் தகரத்தை அடிக்கிற மாதிரி மிஷின் இடித்துக்கொண்டிருக்கும். ஆங்கிலம் தெரியாத ஒரு பெண் அதற்குள் படுத்துக்கொண்டு எதற்கென்று ஒத்துழைப்பார்?

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரும் தமிழர்தான். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்க வாய் நிறையத் தமிழ் வரும். ஸ்கேன் அறைக்குள் வந்தால் மட்டும் அது எங்கே ஓடிப்போகுமோ தெரியாது.

"கலங்குன படத்தை வெச்சு என்ன செய்றது? டிராப் பண்ணிட்டு அடுத்த ஆளைப் பாருங்க" என்றார்.

அதுவரை கழித்த படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலும் நம் ஆன்டிகள், கிராமத்துக் கம்பங்களிலிருந்து வந்த மலாய்க்காரப் பெரியவர்கள். அப்படியானால் நாளைக்கு இந்தக் கம்ப்யூட்டர் யாருடைய இதயத்தைப் பார்த்துப் பழகியிருக்கும்? இதை அவரிடமே கேட்டேன். அந்த ஆன்டியைத் திரும்பக் கூப்பிடுங்கள், நானே பேசிப் படம் எடுக்கிறேன் என்று பிடிவாதமாக நின்றேன்.

"சரி லா, உங்க லன்ச் டைம்ல எடுத்துக்குங்க" என்றார், எனக்குச் சலுகை காட்டுகிற மாதிரி.

ஆன்டி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"இந்த வாட்டி சரியா செஞ்சிருவேன் மிஸ்ஸி. அன்னைக்கு எனக்கு மூச்சை அடக்கத் தெரியலன்னு சொன்னாங்க. அதான் டெய்லி வீட்டுல பழகுறேன். ஒரு நாளு தலை சுத்தி பாத்ரூம்லயே உக்காந்துட்டேன்."

மூச்சு விடவே திணறுகிற ஒரு பெண், குற்றம் தன்மேல்தான் என்று நம்பி, வீட்டில் தனியாக மூச்சை அடக்கிப் பழகியிருக்கிறார். அவருக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்து அனுப்பியவர்கள் நாங்கள்.

படுக்க வைத்துவிட்டு வந்து மைக்கைப் பிடித்தேன். "இழுங்க ஆன்டி. விடுங்க. அப்படியே நிறுத்துங்க." படம் விழுந்தது. "போதும், இப்ப சாதாரணமா மூச்சு விடுங்க." ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் அவரை இளைப்பாற விட்டேன். சொன்ன இடத்தில் சொன்னபடி நிறுத்தினார். ஒன்றுகூடக் கலங்கவில்லை. இதயத்தின் வலது பக்கம் வீங்கியிருந்தது எனக்கே தெரிந்தது.

டாக்டரும் வந்து பார்த்தார். இது தள்ளிப்போடுகிற விஷயமில்லை, இன்றைக்கே அவருடைய டாக்டருக்கு அனுப்பிவிடலாம் என்றார். பிறகு தலையை ஆட்டினார்.

"பரவால்லயே, இந்த வாட்டி பேஷண்ட் நல்லா கோஆபரேட் பண்ணியிருக்காங்க."

"அன்னைக்கும் அவங்க தயாராத்தான் இருந்தாங்க டாக்டர்" என்றேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் பேசினால் வேலை போய்விடும் என்று வெளியே வந்துவிட்டேன்.

ஆன்டி உடை மாற்றிக்கொண்டு கைப்பையோடு நின்றிருந்தார்.

"சரியா செஞ்சேனா மிஸ்ஸி? இனிமே வீட்டுல பழக வேணாந்தானே?"

"வேணாம் ஆன்டி" என்றேன். "நல்லா மூச்சு விடுங்க."