உலக வீடுகள் கூடத்தில் ரீனாவைத் தேடிய இருபது நிமிடங்கள்

காலாண்டு விடுமுறைக்கு என் மகள் ரீனாவுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். பிற நாட்டு மக்கள் எதில் சமைக்கிறார்கள், எதில் தூங்குகிறார்கள் என்று பார்த்து வரைய வேண்டும். அடையாறு பக்கம் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருப்பதாக, என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் சொன்னார். போன வியாழக்கிழமை கிளம்பினோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரீனாவுக்கு ஏழு வயது. பிறவியிலேயே காது கேட்காது. காதுக்குப் பின்னால் கருவி மாட்டியிருந்தால் கேட்கும், நன்றாகப் பேசுவாள். கழற்றிவிட்டால் பக்கத்தில் வெடி வெடித்தாலும் தெரியாது.

அபிராமபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர். பதினொன்றே காலுக்கு ஆட்டோ பிடித்தோம், நூற்றிருபது ரூபாய். "மியூசியம்னா எக்மோர்லதான கீது? இங்க இன்னாக்கா கீது?" என்றார் ஓட்டுநர். வீட்டுச் சாமான்கள் என்றேன். "அத்தப் பாக்க டிக்கெட்டு வேறயா!" என்று சிரித்தார். வளாகத்துக்குள் ஆட்டோவை விடுவதில்லை. வாசலிலிருந்து பத்து நிமிடம் நடக்க வேண்டும், நல்ல நிழல்தான். பெரியவர்களுக்கு முப்பது ரூபாய், குழந்தைகளுக்கு இலவசம்.

மொத்தம் மூன்று கூடங்கள். வீடுகள் கூடம்தான் அருமை. மங்கோலியாவின் கம்பளிக் கூடாரம், ஜப்பானின் தரைப் படுக்கை, ஆப்பிரிக்கக் கிராமத்துத் தானியக் குதிர். நம் வீடுகளில் பரண் ஏறிவிட்ட ஆட்டுக்கல்லுக்குக்கூடத் தனி விளக்கு போட்டிருக்கிறார்கள். ரீனா கூடாரத்தின் எதிரில் உட்கார்ந்து வரைந்தாள். முடிப்பதற்குள் நான்தான் அவசரப்படுத்தி இசைக்கருவிகள் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே பள்ளிப் பிள்ளைகள் முரசுகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் தாங்காமல் ரீனா கருவியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்குத் தலைமை ஆசிரியை போன் செய்தார். வராந்தாவில் நின்று பத்து நிமிடம் பேசினேன். பேசிவிட்டுத் திரும்பினால் ரீனா இல்லை.

"ரீனா!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் கருவி என் பையில் இருப்பது உறைத்தது. என் மகளை என்னால் கூப்பிடவே முடியாது.

முதலில் சாலைதான் கண்முன் வந்தது. வாசலுக்கு வெளியே பஸ்கள் பறக்கின்றன, ஹாரன் அவளுக்குக் கேட்காது. வாசல்வரை ஓடினேன். எந்தக் குழந்தையும் தனியாக வெளியே போகவில்லை என்றார்கள். திரும்பி ஓடி வந்தபோது மதிய இடைவேளைக்காகக் கூடங்களைப் பூட்டியிருந்தார்கள். கூடத்துக் காவலர் பாஸ்கர், ஐம்பது வயதிருக்கும், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"உள்ள யாரும் இல்லம்மா. யாராச்சும் கீறீங்களான்னு ரெண்டு வாட்டி கொரல் குட்துட்டுதான் பூட்னேன்."

"அவளுக்குக் காது கேக்காதுங்க."

அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. சாவி இல்லை. பூட்டியதும் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு அலுவலக உதவியாளர் கேன்டீனுக்குப் போயிருந்தார்.

"லைட்ட அணைச்சுட்டீங்களா?"

"எல்லாத்தையும் அணைச்சுட்டேம்மா."

சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அந்த இருட்டில் என் பிள்ளை இருக்கிறாளா, அல்லது அங்கும் இல்லையா? எதை நினைத்துப் பயப்படுவது என்றே தெரியவில்லை. இசைக்கூடத்துக் கதவை ஆட்டிப் பார்த்தேன். பிறகு வீடுகள் கூடத்துக் கதவு. ஏசிக்காகப் போட்ட கனமான கதவு. காதை வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை. கதவின் பக்கத்தில், வெளிச்சுவரில், சுவிட்ச் பலகை இருந்தது. கருவி மாட்டாத நேரத்தில் வீட்டில் அவளைக் கூப்பிட நாங்கள் விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்போம். அதையே செய்தேன். மூன்று முறை. பதில் இல்லை. மறுபடியும் மூன்று முறை.

கதவின் கீழ்ப்பக்கத்தில் ஒரு தட்டல். பிறகு நிறுத்தாமல் தட்டினாள்.

பாஸ்கர் கேன்டீனுக்கு ஓடினார். விளக்கைப் போட்டுவைத்துவிட்டு நான் தரையில் படுத்து, கதவின் அடியில் ரப்பர் பட்டை கிழிந்திருந்த இடுக்கில் இரண்டு விரலை நுழைத்தேன். சில்லென்ற சின்ன விரல்கள் வந்து இறுகப் பற்றிக்கொண்டன. கதவு திறக்கும்வரை விடவில்லை.

ஒன்று இருபதுக்குத் திறந்தார்கள். பயத்தில் அவள் பாவாடையெல்லாம் நனைந்திருந்தது. கூடாரத்தை வரைந்து முடிக்கத்தான் திரும்பிப் போயிருக்கிறாள். கருவியை மாட்டிவிட்டேன். அழுது தொண்டை கட்டியிருந்தது.

"நான் கத்தினேம்மா. ரொம்ப நேரம் கத்தினேன்."

"எனக்குக் கேக்கலடா செல்லம்."

என்னையே பார்த்தாள். "உனக்கும் கேக்காதா?"

பாஸ்கர் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, வாயசைவு தெரியும்படி மெதுவாக, "மன்னிச்சுக்கோம்மா. இனிமே உள்ள வந்து பாத்துட்டுதான் பூட்டுவேன்" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: பத்து மணிக்கே போய்விடுங்கள், இரண்டரை மணி நேரம் தாராளம். ஒன்று முதல் இரண்டு வரை மூடியிருக்கும். காது கேட்காதவர்கள், மெதுவாக நடக்கும் பெரியவர்கள் உங்களோடு இருந்தால், டிக்கெட் வாங்கும்போதே காவலரிடம் சொல்லுங்கள். குரல் கொடுத்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெற்ற நானே அப்படித்தானே முதலில் கத்தினேன். போன் வந்தால் வரட்டும், பிள்ளையின் கையை விடாதீர்கள்.

அன்றிலிருந்து ரீனா விளக்கை அணைக்கவிடாமல்தான் தூங்குகிறாள். இரண்டு முறை எழுந்து அவள் மூச்சைப் பார்த்துவிட்டுப் படுக்கிறேன். நேற்று கேட்டாள், கூடாரத்தின் கதவு மட்டும் இன்னும் வரையவில்லையாம், எப்போது மறுபடி போகலாம் என்று.